ஒரு லிட்டர் தண்ணீர் தீரும்வரை

என் வாயில் மிச்சமிருப்பவை ஏழு பற்கள். மேலே மூன்று, கீழே நான்கு. அத்தனையின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்று யாராவது காட்டினால் சொல்லுக்கு ஒரு பல் வீதம் பிடுங்கிக் கொடுக்கிறேன். எந்தப் பல் என்பதை மட்டும் நான் முடிவு செய்வேன்.

உலு திராமில் எங்கள் கையுறைத் தொழிற்சாலைக்குள் விடிந்ததை வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஐந்தரை மணிக்கு அடுப்பின் அனல் உறைப்பது கொஞ்சம் குறையும், அம்மோனியா நெடி கொஞ்சம் கூடும். விடிந்துவிட்டது என்று அர்த்தம். சங்கிலியில் மாட்டிய பீங்கான் கைகள் ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்புக்குள் வெந்து, வரிசையாக வெளியே வரும். ஒவ்வொரு கையிலிருந்தும் சூட்டோடு சூடாக உறையை உரித்துக் கூடையில் போட வேண்டும். நிமிடத்துக்கு அறுபது கை. கை ஓய்ந்தாலும் சங்கிலி ஓயாது.

அந்த வேலையை ஒன்பது வருடமாகச் செய்கிறவர் ஆங் தூ. பர்மாக்காரர். உரித்து உரித்து அவருடைய விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. வாசலில் உள்ள எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால், அது தினமும் அவரை யாரென்று கேட்கும். அவரும் தினமும் பொறுமையாக நான்கு தடவை பதில் சொல்வார்.

என் பெயர் வீரமுத்து. கம்பெனிப் பதிவில் எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பதின்மூன்று வருடமாக ஐம்பத்தெட்டுதான். என் வேலை தண்ணீர்ச் சோதனை. கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கம்பியில் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கசிந்தால் இடது பக்கக் கழிவுக் கூடை. கசியாவிட்டால் வலது பக்கக் கூடை, அங்கிருந்து ஜெர்மனி.

அன்று விடியற்காலையில் ஆங் தூ உரித்த உறைகள் கூடைக்கு வெளியே விழுந்துகொண்டிருந்தன. முந்தின நாள் மாலை சூப்பர்வைசர் அவரிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார். வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படாது. டிக்கெட் போட்டாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு வேன் வரும்.

காரணம் தாளில் இல்லை, சுவரில் இருந்தது. விமானம் குண்டு போட்டு எரித்த அவருடைய ஊரின் படத்தை, 'போர் வேண்டாம்' என்று மேலே எழுதி, எங்கள் போர் எதிர்ப்புக் குழு கேண்டீன் சுவரில் ஒட்டியிருந்தது. கையுறை வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்தார்கள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏர்போர்ட்டுல இறங்குன எடத்துலயே யூனிபார்ம் குடுப்பாங்க மாமா," என்றார் ஆங் தூ என்னிடம். எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. "எனக்கு முப்பத்துமூணு. அந்த வயசுதான் அவங்களுக்கு வேணும். என் ஊர எரிச்சவனோட ஆர்மியில என்னையே சேப்பாங்க. அடுத்த ஊருக்கு என்னய அனுப்புவாங்க."

அதைச் சொல்லும்போதும் அவர் கை உரித்துக்கொண்டேயிருந்தது. வெளியே ஏதோ ஒரு லாரி பிரேக் போட்டது. நாங்கள் நாற்பது பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பினோம். பயம் எனக்கு வயிற்றில்தான் வரும். அதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்திருந்தேன்.

ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்தது. கேண்டீனில் எங்கள் போர் எதிர்ப்புக் குழு கூடியது. பதினொரு பேர். தலைவி, பேக்கிங் பகுதி கிருஷ்ணம்மா. நோட்டுப் புத்தகமும் பேனாவும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் உயிரோடில்லை.

எங்கள் குழுவுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதல் வழக்கம், உலக விஷயத்தை முதலில் பேசி, உள்ளூர் விஷயத்தைக் கடைசியில் வைப்பது. அன்றைய நோட்டில் முதலாவது: பர்மா உள்நாட்டுப் போரை நிறுத்த வெளிநாட்டு ராணுவம் நுழையலாமா, கூடாதா. இரண்டாவது: ஆங் தூ. வேன் எட்டு மணிக்கு வருகிறது என்று பதினொரு பேருக்கும் தெரியும். ஆனாலும் வரிசையை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பயந்தவனுக்கு வழக்கம்தான் கைப்பிடி.

இரண்டாவது வழக்கம், யார் பேச எழுந்தாலும் கழிவுக் கூடையிலிருந்து ஓர் ஓட்டைக் கையுறையை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, உத்தரத்துக் கம்பியில் நான் கட்ட வேண்டும். தண்ணீர் தீரும்வரை அவர் பேசலாம். அதுவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. ஓட்டை பெரிதாக அமைந்தவருக்கு நேரம் குறைவு. சென்ற வருடம் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்ட பிறகு கிருஷ்ணம்மா போட்ட விதி இது. ஒருமனதாக நிறைவேறி நோட்டில் ஏறியது.

முதலில் எழுந்தது லோகேஸ்வரன். போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். கோபக்காரன்.

"நாம போர் வேணாம்னு சொல்றோம். சரி. பிளேன்ல வர்றவன் அத படிக்கிறானா? மேலேருந்து குண்டு விழறப்போ கீழ நிக்கிறவன் கையில என்ன இருக்கு, நம்ம போஸ்டரா? யாராச்சும் ஒரு நாட்டு ஆர்மி போயி அந்தப் பிளேன நிறுத்துனாத்தான் நிக்கும். நாம சும்மா கைய கட்டிக்கிட்டு இருந்தா, குண்டு போடறவன் பக்கம் இருக்கோம்னுதான் அர்த்தம்."

அவன் கையுறை காலியானது. அடுத்ததைக் கட்டினேன். கிருஷ்ணம்மா எழுந்தார்.

"யாரு வருவா, லோகா? எந்த நாட்டு ஆர்மி? கிராப் டாக்ஸி மாதிரி புக் பண்ணுவியா? வந்தவன் வேலைய முடிச்சிட்டு எப்ப வீட்டுக்குப் போனான், ஒரு எடம் சொல்லு. அவன் போடற குண்டு மட்டும் ஆளு பாத்தா விழும்? பிளேனுக்கு எண்ணெய் விக்கிறத நிறுத்தச் சொல்லு, ஆயுதம் விக்கிறத நிறுத்தச் சொல்லு, நான் கையெழுத்துப் போடறேன். இன்னொரு பிளேன அனுப்பச் சொன்னா போடமாட்டேன்."

மூன்றாவது என் முறை. என் அப்பாவின் கதையைச் சொன்னேன். பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் அவர் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்காரனிடமிருந்து எங்களை விடுவிக்க ஒரு ராணுவம் வந்தது. அப்பாவை நன்றாக விடுவித்தார்கள். விடுவித்து, ரயிலேற்றி, சயாம் காட்டைத் தாண்டி பர்மா எல்லைவரைக்கும் கொண்டுபோய்த் தண்டவாளம் போட வைத்தார்கள். பக்கத்தில் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அப்பா ஒன்பது மாதம் நடந்தே திரும்பி வந்தார். வழியில் ஒரு புலி இரண்டு நாள் துணைக்கு வந்ததாம். பிறகு அதற்கு வேறு வேலை இருந்ததாம்.

"போன மாசம் நாலு நாள் வந்துச்சே அந்தப் புலி," என்றான் லோகேஸ்வரன்.

"குறுக்க பேசாத," என்றார் கிருஷ்ணம்மா.

மணி ஏழே முக்கால். ஓட்டெடுப்பு இல்லை, தீர்மானம் இல்லை. அப்போதுதான் ஆங் தூ கையைத் தூக்கினார். குழுவில் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசியதே கிடையாது. கையுறை எடுக்கப் போனேன். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன், தண்ணீர் பிடித்தேன், கட்டினேன்.

ஆங் தூ மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"வெளி ஆர்மி வரணுமா, வேணாமா, எனக்குத் தெரியாது. தங்கச்சி போன் பண்ணுவா. போன்ல பிளேன் சத்தம் கேக்கும். அப்ப நினைப்பேன், யாராச்சும் வரட்டும், எவனா இருந்தாலும் வரட்டும். போன வச்சதும் பயமா இருக்கும். அவனும் பிளேன்லதானே வருவான். யாரு வந்தாலும் எங்க ஊர் மேலதான் வருவாங்க. அதனால ஊர்ல யாரு இருக்காங்கன்னு சொல்றேன். ஆத்தங்கரையில மொத வீடு மீன் வலை பின்றவரு வீடு. ஒரு காது கேக்காது. பிளேன் வந்தா அவருக்கு மட்டும் தெரியாது, மத்தவங்க ஓடறதப் பாத்து ஓடுவாரு. ரெண்டாவது வீடு…"

ஐந்தாவது வீட்டில்தான் கவனித்தேன். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வலது கூடையிலிருந்து எடுத்துத் தொலைத்திருக்கிறேன். ஜெர்மனிக்குப் போக வேண்டிய கையுறை. பத்தொன்பது வருடத்தில் கூடை மாற்றி எடுத்தது அன்று ஒருநாள்தான். இதற்கும் அந்த ஏழு பற்களே சாட்சி. கிருஷ்ணம்மாவைப் பார்த்தேன். அவர் கையுறையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

காலை ஷிப்ட் பெண்கள் இடைவேளைக்கு உள்ளே வந்தார்கள். உரிக்கும் பகுதி ரூபினி கதவருகே நின்று, "என்னக்கா, யாரு பேசறது?" என்றாள்.

"ஆங் தூ. தண்ணி தீரல," என்றார் கிருஷ்ணம்மா.

ரூபினி வாசல் வேனைப் பார்த்தாள். அதில் ஏறி உட்கார இடம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து சுவரோரம் நின்ற நேப்பாளத்துக்காரர்களும் பர்மாக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கும் பெர்மிட் இருந்தது. அவர்களுக்கும் தாள் வரலாம். ஒருவர் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அப்புறம் எல்லோரும்.

உள்ளே உரிப்பதற்கு ஆளில்லை. பீங்கான் கைகள் போட்ட உறையோடு மறுபடியும் பாலில் முங்கின, மறுபடியும் வெந்தன. ஏழாவது சுற்றில் உறைகள் எருமைக் காது தடிமனுக்கு வந்துவிட்டன. நான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தது போலவே இருந்தது.

எட்டேகாலுக்கு முதலாளி சாத்தப்பன் வந்தார். குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவரைக் கண்டால் எங்களுக்குப் பயம் அதிகம்.

"கிருஷ்ணம்மா, கூட்டம் முடிஞ்சுதா?"

"இன்னும் பேசறாரு முதலாளி."

"வேன் காத்துக்கிட்டிருக்கு. ஏர்போர்ட்டு போற வேன்."

"தண்ணி இருக்கு முதலாளி. எங்க விதி அது."

அவர் மேலே பார்த்தார். "இது பாஸ் ஆன கிளவ்ஸ் போல இருக்கே. யாரு எடுத்தது?"

எழுபது தலைகள் என்னைப் பார்க்காமல் இருந்தன. நானே சொன்னேன். "கண்ணு சரியில்ல முதலாளி. வயசு ஐம்பத்தெட்டு ஆகுதில்ல."

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் வயிறு நான்காவது தடவைக்குத் தயாரானது. "இந்தாள் நாட்டுச் சண்டை அவங்க நாட்டுது. அடுத்தவங்க விவகாரத்துல தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க, கிருஷ்ணம்மா? இப்ப ஏன் தலையிடறீங்க?"

கிருஷ்ணம்மா நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான். "துப்பாக்கியோட போகக் கூடாதுன்னு சொன்னேன் முதலாளி. பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லல."

"ஆபீஸ்ல பேர எல்லாம் எழுதிக்குவாங்க. இன்னிக்கு ஒரு ஆளு. நாளைக்கு இருபது பேரு பெர்மிட்டு என் மேசைக்கு வரும். தெரியும்லா?"

"தெரியும் முதலாளி."

முதலாளி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கையுறையை நோக்கிக் கையை நீட்டினார்.  உள்ளே சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

லோகேஸ்வரன் எழுந்தான். காலையெல்லாம் கிருஷ்ணம்மாவோடு மல்லுக்கு நின்றவன். போர்க்லிப்ட் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கிருஷ்ணம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"குத்துங்க முதலாளி, உங்க கிளவ்ஸ்தானே. குத்துனா தண்ணி போவும். நாங்க போவமாட்டோம்."

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் எங்களை எண்ணினார். எண்ணி முடிக்கும்போது இன்னும் ஆறு பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. தொடாமலேயே கையை இறக்கினார். பேனாவை மூடினார். "பாப்போம்," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். யாருக்கென்று தெரியாததால் எங்களுக்குப் பயம் இன்னும் கூடியது. ரூபினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 

லோகேஸ்வரன் கிருஷ்ணம்மாவிடம் குனிந்து, "அக்கா, ஆர்மி விஷயத்துல நான் சொன்னத விட்டுக்குடுக்கல. அது வேற," என்றான்.

"வேறதான். உக்காரு," என்றார் அவர்.

வேன் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. ஓட்டுநர் இறங்கி, கதவோரம் சாய்ந்து, அவரும் கேட்க ஆரம்பித்தார். ஆங் தூ இப்போது உரக்கவே பேசினார். "பதினாலாவது வீடு," என்றார். "டீச்சர் வீடு. ஸ்கூல் எரிஞ்ச பிறகு மாமரத்துக்குக் கீழ பாடம் நடத்துறாங்க. பிள்ளைங்க நாப்பத்தொண்ணு. ஒவ்வொரு பிள்ளையாச் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றது கேண்டீன்.

தலைக்கு மேல் கையுறை ஐந்து விரலும் விறைத்து, ஒரு சொட்டும் விடாமல் தொங்கியது.

முந்தின நாள் மதியத்திலிருந்து உலு திராம் முழுக்கத் தண்ணீர்த் தடை. எங்கள் குழாயில் அன்று மாலைவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்படியானால் நான் கட்டிய கையுறைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: ஏழு பற்களும் இன்னும் என் வாயில்தான் இருக்கின்றன.