மாரி இறக்கிய இடம்

தொட்டப்பேட்டைக்காரர்களுக்கு வேண்டாதது எதுவானாலும் அது கோணப்பள்ளிப் பக்கம்தான் வரும். செத்த மாட்டை இழுத்து வந்து போடுவார்கள். வெறிநாயைத் துரத்திக்கொண்டு வந்து விடுவார்கள். பேட்டையில் அம்மை போட்டால் வேப்பங்கட்டையில் அம்மன் செய்து, கூடையில் வைத்து, பம்பை அடித்துக்கொண்டு எல்லை வரைக்கும் தூக்கி வந்து, கிணற்றடிக் கல்லின் மேல் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அதோடு மாரி தங்கள் ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று அவர்களுக்கு நிம்மதி. அப்புறம் அவள் எங்கே போனாள் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. எங்கே போவாள்? எதிரே கூப்பிடு தூரத்தில் கோணப்பள்ளி இருக்கிறதே, அங்கேதான் வருவாள்.

அந்தக் கல்லும் கிணறும் இருக்கிற துண்டு நிலம் கோணப்பள்ளிக்காரர்களுடையது. நஞ்சம்மாவின் மாமனார் முன்னால் நிற்க, ஊரே சேர்ந்து பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. ஊர் மொத்தமும் குடிப்பது அதில்தான். ஆனால் அதை யாரும் வாய்விட்டு 'என்னுது' என்று சொல்ல மாட்டார்கள். மாரி இறங்குகிற இடத்தை எவன் தன்னுடையது என்று சொல்கிறானோ, அவன் வீட்டுக்குள் அவள் ஏறிவிடுவாள் என்று பயம். யார் கேட்டாலும் 'அம்மனுது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தண்ணீருக்குப் போகிறவள்கூட 'அம்மா கிட்டப் போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வாள்.

நஞ்சம்மாவும் அப்படித்தான் சொல்லி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை. இருந்தும் முந்தின வருஷத்துக் கோடையில் பேட்டைக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன மாரி அவளுடைய இளைய பெண்ணைக் கொண்டு போய்விட்டாள். வாயைக் கட்டியதில் என்ன பிரயோசனம் என்று அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கோபம் புகைந்துகொண்டிருந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சாகவே இருந்தது. ஓசூர் யாருக்கு, இந்த ஊர் மைசூர் பக்கமா மதராஸ் பக்கமா என்று பக்கத்துப் பேரிகை ஊர்ச் சந்தையில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தொட்டப்பேட்டை பஞ்சாயத்துக்கு சர்க்காரிடமிருந்து ஒரு திட்டம் வந்தது. பேட்டையின் குப்பையையும் எடுப்புக் கக்கூஸ் மலத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, குழி வெட்டி, அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்து உரமாக்க வேண்டுமாம். கம்போஸ்ட் என்று அதற்குப் பேர். திட்டத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பயிருக்கு நல்ல எரு கிடைக்கும், பேட்டைத் தெருவும் சுத்தமாகும். குழியை எங்கே வெட்டுவது என்பதில்தான் வந்தது வினை.

நஞ்சம்மா கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் முனிசாமி வந்து வரப்பில் உட்கார்ந்தான். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"சேலத்துலருந்து சுகாதார இன்ஸ்பெக்டரு வந்திருக்காரு. ஜான்பீட்டர்னு பேரு. பேட்டைப் பிரசிடெண்டு கூட்டிக்கிட்டு வந்து நம்ம கெணத்தடியக் காட்டினாரு."

"எதுக்கு?"

"கம்போஸ்ட் குழி வெட்டறதுக்கு."

நஞ்சம்மா களைக்கொத்தைக் கீழே போட்டாள். "கெணத்துக்குப் பக்கத்துலயா? பேட்டைக்காரனுங்க பீயைக் கொண்டாந்து நம்ம குடிக்கிற தண்ணி மேல கொட்டறதுக்கா?"

"இன்ஸ்பெக்டரு நல்ல மனுசன்தான். இடம் யாருதுன்னு கேட்டாரு. அண்ணன் அம்மனுதுன்னு சொன்னாரு."

முனிசாமியின் அண்ணன் சென்னப்பன்தான் கோணப்பள்ளிக்குப் பெரிய மனிதர். ஊருக்காக யாரிடம் பேசுவதானாலும் அவர்தான் பேசுவார்.

"அம்மனுதுன்னா அந்தாளுக்கு இன்னா தெரியும்? அவரு வேதக்காரரு. பொறம்போக்குன்னு நெனச்சிக்குவாரு."

"அப்படித்தான் நெனச்சிக்கினாரு. குடிக்கிற கெணறான்னும் கேட்டாரு. பிரசிடெண்டு முந்திக்கிட்டு, இது மாரி கெணறு சார், ஒருத்தரும் வாயில வைக்கமாட்டாங்கன்னு சொல்லிட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

முனிசாமி வரப்புப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொன்னீங்கன்னு கேக்கறேன். அத்தனை ஆம்பிளைங்க நின்னீங்களே, ஒருத்தர் வாய்லயாவது சொல்லு வந்துச்சா?"

"எப்படிடீ சொல்றது? நாங்க குடிக்கிற கெணறுன்னா எங்க கெணறுன்னு ஆயிடுமே. மூத்தவளாவது பொழச்சிக் கெடக்கணுமேன்னு பயமா இல்லையா உனக்கு?"

நஞ்சம்மாவுக்குப் பற்றி எரிந்தது. பேட்டை பிரசிடெண்ட் வெங்கடசாமிக்குச் சந்தை மேட்டில் ஒரு தோப்பு இருக்கிறது. காய்ந்த மேட்டு நிலம், பக்கத்தில் வீடும் இல்லை, கிணறும் இல்லை. குப்பை வண்டி போக நல்ல பாதையும் உண்டு. குழிக்கு அதைவிடப் பொருத்தமான இடத்தை இந்தச் சீமையில் தேடிப் பிடிக்க முடியாது. அதைக் காப்பாற்றத்தான் அவர் இன்ஸ்பெக்டரை இங்கே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கோணப்பள்ளிக்காரன் கிணற்றை உரிமை கொண்டாட மாட்டான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்க வைத்திருக்கிறார். வெங்கடசாமி அயோக்கியத்தனம் செய்தார் என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சொந்த ஊர்க்காரர்கள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் அன்றே சென்னப்பன் வீட்டுக்குப் போனாள். புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று அவர் சம்சாரத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"போயி அது நம்ம கெணறுன்னு சொல்லச் சொல்லுங்கக்கா."

உள்ளேயிருந்து சென்னப்பனே பதில் சொன்னார். "சொல்லிட்டு ஊருக்கு அம்மை வந்துச்சின்னா யாரும்மா பதில் சொல்றது? அம்மன் இடத்தை அம்மனே பாத்துக்குவா. நீ போ."

பார்த்துக்கொள்வாளாம். என் பெண்ணைப் பார்த்துக்கொண்டது போலவா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்காமல் திரும்பினாள்.

மறு வாரம் குழி வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். பேட்டைக் கூலியாட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நிற்க, ஜான்பீட்டர் நாடா பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், தலையில் காக்கித் தொப்பி. வெங்கடசாமி குடை பிடித்துக்கொண்டு வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தார். கோணப்பள்ளி ஆண்கள் கொஞ்சம் தள்ளி, யார் வீட்டுக் காரியத்தையோ வேடிக்கை பார்ப்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுண்ணாம்புக் கோடு கிணற்றை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அங்கே நிலம் கிணற்றைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், குழியில் ஊறுவது அத்தனையும் தண்ணீரில் கலந்துவிடும்.

நஞ்சம்மா இடுப்பில் குடத்தோடு வந்தாள். கோட்டை மிதித்துக்கொண்டு நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த இடம் யாருதுன்னு போன வாரம் கேட்டீங்களாமே?"

"ஆமாம்மா. யாருக்கும் சொந்தமில்லைன்னு சொன்னாங்க."

"பொய் சொன்னாங்க. இது என்னுது."

கையைக் கட்டியிருந்தவர்கள் எல்லாரும் கட்டிய கையை விட்டார்கள். முனிசாமி ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினான். அவன் கையை அவள் தட்டிவிட்டாள்.

வெங்கடசாமி குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். அவருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது, ஆனாலும் சிரித்தார். "சார், இது புத்தி சரியில்லாத பொம்பளை. குழந்தை செத்ததுலருந்து இப்படித்தான். ஏம்மா, நிஜமாவே உன்னுதுன்னா அம்மன் கல்லைத் தொட்டுச் சொல்லு பாக்கலாம். சொல்லமாட்டா சார். நான் எழுதித் தரேன், சொல்லமாட்டா."

குழந்தை என்று அவர் வாயால் கேட்டதும் நஞ்சம்மாவுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச பயமும் போய்விட்டது. கல்லின் மேல் போன கோடையில் இறக்கிய கூடை மக்கிப்போய்க் கிடந்தது. வேப்பங்கட்டை அம்மன் மஞ்சள் கலைந்து வெயிலில் வெடித்திருந்தாள். நஞ்சம்மா அவள் தலைமேல் கையை வைத்தாள்.

"இந்தக் கல்லு என்னுது. கெணறு என்னுது. எங்க மாமனாரு வெட்டினது. இவங்க எல்லாரும் கூட நின்னு வெட்டினது. நாங்க தினமும் குடிக்கறது. இவளை நீங்க இறக்கிட்டுப் போனப்பல்லாம் நாங்கதான் வாங்கிக்கினோம். எங்க வூட்டுப் புள்ளைங்களைக் குடுத்து வாங்கிக்கினோம். அப்ப இவ என்னுதுன்னா, இருக்கிற இடமும் என்னுதுதான். ஏறட்டும், வரட்டும் என் வூட்டுக்கு. நான் இவகிட்டப் பேசிக்கறேன். உங்க பீயை நான் வாங்கிக்கறதா இல்ல."

சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டுத் தண்ணீர் சேந்தி, எல்லாரும் பார்க்கக் குடத்தோடு தூக்கிக் குடித்தாள். மார்பெல்லாம் நனைந்தது. குடத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார்.

"நல்ல தண்ணியாச்சே," என்றார். பிறகு வெங்கடசாமியைப் பார்த்தார். "யாரும் குடிக்கமாட்டாங்கன்னு சொன்னீங்க?"

அதற்குள் பேட்டைக் கூலியாட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாரியைத் தொட்டு ஒருத்தி வாங்கிக்கொண்ட இடத்தில் எவன் மண்வெட்டியைப் போடுவான்? பிரசிடெண்ட் கூப்பிடக் கூப்பிட அவர்கள் நிற்கவில்லை.

"குடிதண்ணிக் கிணத்துப் பக்கத்துல குழி வெட்ட நான் ஒத்துக்க முடியாது," என்றார் ஜான்பீட்டர், நாடாவைச் சுருட்டியபடி. "சந்தை மேட்டுல ஒரு தோப்பு பாத்தேனே. நாளைக்கு அதை அளக்கலாம்."

வெங்கடசாமி அப்போது நஞ்சம்மாவைப் பார்த்த பார்வைக்கு அவள் அசையவில்லை. வேண்டாததை வாசலில் வைத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவரும் கொஞ்சம் பார்க்கட்டுமே.

ஊர் தப்பித்தது. ஊரைத் தப்புவித்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? அவள் கொல்லை வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பியபோது நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை போட்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவார்கள். அந்தப் பக்கம் யாரும் வந்துவிடாதீர்கள் என்பதற்கு அடையாளம். உள்ளே புருஷனும் இல்லை, பெண்ணும் இல்லை. முனிசாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். எதிர்வீட்டுச் செல்லி அவளைக் கண்டதும் படலைச் சாத்திக்கொண்டாள். செல்லியின் பிள்ளைகள் பிழைத்ததே அந்தத் தண்ணீரில்தான்.

நஞ்சம்மா வேப்பிலையைப் பிய்த்துத் தெருவில் எறிந்தாள். அழுகை வந்தது. அழுதால் கோபம் ஆறிவிடும் என்று அழாமல் இருந்தாள்.

விடிந்ததும் அவள் கிணற்றடிக்குப் போனாள். சேந்துகயிற்றைச் சுருட்டி, கிணற்று விளிம்பில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் குடங்களோடு பெண்கள் வந்தார்கள். அவளைக் கண்டதும் எட்டவே நின்றுவிட்டார்கள். வெயில் ஏறியது. வேறு தண்ணீர் வேண்டுமானால் ஏரிக்குப் போக வேண்டும், ஏரியில் சேறுதான் இருந்தது.

"நஞ்சி, கயித்தை விடு," என்றாள் செல்லி.

"யாரு கயித்தை?"

"வெளையாடாத. வூட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"என் வூட்டு வாசப்படியை மிதிக்கமாட்டீங்க. என் கெணத்துத் தண்ணி மட்டும் இனிக்குதா? நேத்து நான் சொன்னதை இன்னிக்கு நீங்க சொல்லுங்க. யாருது இந்தக் கெணறு?"

செல்லி மற்றவர்களைப் பார்த்தாள். கல்லின் மேல் கிடந்த அம்மனைப் பார்த்தாள். கடைசியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரும்தான் பாறை ஒடைச்சாரு. நம்மளுதுதான்டீ, போ," என்று சொல்லிவிட்டு அழுதாள். நஞ்சம்மா எழுந்து கயிற்றைக் கொடுத்தாள். செல்லி சேந்தி முடித்ததும் மறுபடியும் அதன் மேல் உட்கார்ந்தாள்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சிலர் முனகினார்கள், சிலர் அவளைத் திட்டிக்கொண்டே சொன்னார்கள். முனிசாமி பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான். அவள் பெண்ணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிவெயிலில் சென்னப்பன் வந்தார். வீட்டில் தண்ணீர் இல்லாமல் அவரே குடம் தூக்கி வந்ததை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. நஞ்சம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. முகத்துக்கு நேரே அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருது மாமா?"

சென்னப்பன் உதட்டை நனைத்துக்கொண்டார். "நம்மளுது," என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கே அது காதில் விழவில்லை.

"சத்தமா சொல்லுங்க. அன்னிக்கு இன்ஸ்பெக்டரு கேட்டப்ப சொல்லாததையும் சேத்துச் சொல்லுங்க."

"நம்மளுது!" என்று சென்னப்பன் கத்தினார். கத்திவிட்டு, அம்மை முத்து எழும்பிவிட்டதா என்று பார்ப்பதுபோலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நஞ்சம்மா கயிற்றை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"சேந்திக்குங்க," என்றாள்.