இரண்டாவது சாவி

"எம்பட மடியில வளந்த ராசா..." என்று ஒப்பாரியை இழுத்துக்கொண்டிருந்த சென்னியம்மாள், மூச்சு வாங்கிய இடைவெளியில் வாசலைப் பார்த்துவிட்டாள். தொப்பி போட்ட ஒருவர் வில்வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அழுகையை அப்படியே நிறுத்தி, கட்டிக்கொண்டு அழுதவளின் காதில், "ஆரு புள்ள அது?" என்றாள்.

"காரு கம்பெனிக்காரராமா. இன்சூரன்சாமா."

சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாகப் பார்க்க வேண்டுமல்லவா. எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பத்திலேயே சொல்கிறவள். செத்துக் கிடப்பது கூடப் பிறந்த தம்பி மருதாசலம் என்பதற்காகக் கண் சும்மா இருந்துவிடுமா?

எல்லாம் அந்தக் காரால் வந்தது. யுத்தம் முடிந்த மறுவருஷம் மருதாசலத்தின் கூட்டாளி சின்னண்ணன் அதை வாங்கி வந்தபோது, திருச்செங்கோட்டுச் சாலையோரத்து ஊர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தன. கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தார்கள். சக்கரத்துக்குச் சேவல் அறுத்தார்கள். பயந்து அழுகிற குழந்தையை அதன் ஹாரனுக்கு முன்னால் நிறுத்தினால் பயம் தெளியும் என்று சென்னியம்மாளே இரண்டு வீட்டுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறாள்.

சின்னண்ணனும் மருதாசலமும் ஒன்றாக மண்ணில் புரண்டவர்கள். சேலத்துக்குப் போய் ஒரே நாளில் லைசென்சு வாங்கினார்கள். சின்னண்ணன் காரைத் துடைத்துக்கொண்டே இருப்பான். மருதாசலம் ஓட்டிக்கொண்டே இருப்பான். அவன் ஒருநாளாவது சாவிக்குக் கை நீட்டி நின்றதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறான் என்று ஊர் முடிவு கட்டியது. தம்பி என்றும் பாராமல் அந்தச் சேதிக்குக் கால் முளைக்க வைத்ததில் சென்னியம்மாளுக்கும் பங்குண்டு.

போன வாரம் குமாரபாளையம் போகிற வழியில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. மருதாசலம் ஆடுகளைக் காப்பாற்றினான். புளியமரத்தடியில் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த பண்ணையாள் சடையனின் காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மருதாசலத்தின் நெஞ்சில் ஸ்டீரிங் வளையம் இடித்தது. "ஒண்ணுமில்ல போ" என்று எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தவன், நேற்று ரத்தமாகக் கக்கிப் போய்ச் சேர்ந்தான்.

கார் இடித்த அன்று சாயங்காலமே சின்னண்ணன் போலீஸ் டேசனுக்குப் போய், "என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். சொல்லிக் கொடுத்தது அவனுடைய மாமன் அர்த்தநாரி. சேலம் கோர்ட்டுக்கு ஒரு தரம் சாட்சிக்குப் போய் வந்தவர். அன்றிலிருந்து ஊருக்கு அவர்தான் வக்கீல். எழுதிக் கொடுத்ததோடு சரி, சின்னண்ணன் இந்த வாசலை மிதிக்கவில்லை. எழவுக்குத்தான் வந்திருக்கிறான். வந்தும் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

டேசன்காரர்கள் கட்டிலருகே வந்து, "கேட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?" என்றபோது மருதாசலம் சொன்னதைச் சென்னியம்மாள் கதவிடுக்கில் நின்று கேட்டாள். "சின்னண்ணன் என்ன சொன்னானுங்க?" என்றான். சொன்னார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டே, "அப்படின்னா அதேதானுங்க" என்றான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அன்றே நாலு வீட்டுக்குச் சேதி போயிற்று.

கம்பெனிக்காரர் தொப்பியைக் கழற்றாமலே சின்னண்ணனிடம் வந்தார். "கேக்கற நேரம் இல்லதான். சாயந்திரம் சங்ககிரியில எனக்கு ரயில். ஒரே கேள்வி. உங்க சம்மதத்தோட ஓட்டியிருந்தா அந்த ஆளோட காலுக்கு எங்க கம்பெனி பதில். சம்மதமில்லாம எடுத்திருந்தா நாங்க பொறுப்பில்ல. செத்தவரோட சொத்துதான் பதில் சொல்லணும்."

மருதாசலத்தின் சொத்து என்பது ஒரு கிணறும் அதைச் சுற்றிய வெள்ளாமைக் காடும். அதுவும் போனால் அவன் மனைவி ஆத்தாயி கூலிக்குத்தான் போக வேண்டும்.

சின்னண்ணன் மாமனைப் பார்த்தான். குடுத்தேன் என்று சொன்னால் தலையில் விழும் என்று பயமுறுத்தியவர் அவர்தான். இப்போது எல்லாம் தலைகீழாக இருந்தது. அர்த்தநாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொன்னதையே சொல்லு மாப்ள. மாத்திப் பேசுனா பொய்ச் சாட்சின்னு உள்ள தள்ளீருவாங்க" என்றார். ரகசியம் என்று நினைத்துத்தான் சொன்னார். வாசல் முழுவதும் கேட்டது.

சின்னண்ணன் பந்தக்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"நேரமாச்சுங்க, தூக்கீரலாங்களா?" என்றார் நாவிதர் சின்னுசாமி.

அப்போதுதான் ஆத்தாயி பேசினாள். காலையிலிருந்து புருஷன் காலடியில் உட்கார்ந்திருந்தவள். ஒரு சொட்டு அழவில்லை என்று சென்னியம்மாள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் குறைப்பட்டிருந்தாள்.

"ஏனுங்க, அரணாக்கவுத்த இங்கயே அறுத்துருங்க."

சின்னுசாமி கையை உதறிக்கொண்டார். "அது சுடுகாட்டுல வெச்சு அறுக்கறதுங்க அம்முணி. பொம்பளைங்க முன்னால அறுக்கற பழக்கமே இல்லீங்களே."

"ஏம்புள்ள, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊருல இல்லாத மொறையா இருக்குதே!" என்று சென்னியம்மாள் எழுந்தே விட்டாள்.

"தெரியுமுங்க நங்கையா. அறுக்கட்டும்" என்றாள் ஆத்தாயி நாத்தனாரிடம்.

குரல் உயரவில்லை. இந்த வாயில்லாப் பூச்சியிடம் இப்படி ஒரு குரல் இருப்பது பதினாறு வீட்டுச் சேதியும் தெரிந்த சென்னியம்மாளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவள் தன்னை அறியாமல் உட்கார்ந்தாள்.

சின்னுசாமி கோடித்துணியின் மடிப்பை விலக்கி, இடுப்புக் கயிற்றில் கத்தியை வைத்தார். கயிறு அறுந்தது. ஏதோ பாடை மூங்கிலில் பட்டுக் கணீரென்று மண்ணில் விழுந்தது.

"குளிப்பாட்டையிலயே பாத்தனுங்க. சாவி. பொட்டிச் சாவிங்களா?" என்றார் சின்னுசாமி.

"எங்க ஊட்டுல பூட்டற பொட்டி ஏதுங்க" என்றாள் ஆத்தாயி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் புருஷனின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

சென்னியம்மாள் அந்தச் சாவியையே பார்த்தாள். டேசன்காரர்கள் கேட்டபோதும் இது அவன் இடுப்பில்தானே கிடந்திருக்கும். போர்வையை விலக்கிக் காட்டினால் போதும். காட்டவில்லையே. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தானே. பக்கத்தில் நின்ற ஆத்தாயியும் வாய் திறக்கவில்லையே.

சின்னண்ணன் பந்தக்காலை விட்டு வந்தான். குனிந்து சாவியை எடுத்தான். அவனுடைய இன்னொரு கை தானாகவே தன் இடுப்புக்குப் போய், அங்கே தொங்கிய கார் சாவியை வெளியே இழுத்தது. உள்ளங்கையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே வார்ப்பு. ஒரே தேய்மானம்கூட.

"நாந்தானுங்க கட்டிவுட்டேன்" என்றான் கம்பெனிக்காரரிடம். "காரு வந்த அன்னிக்கே. ஒருக்காலும் என்னைக் கேக்கப்படாதுன்னு சொல்லித்தான் கட்டுனேன்."

"டேய் மாப்ள..."

"சும்மா இருங்க மாமா. டேசன்லயும் போய் இதையே சொல்லிக்கறேன். தள்ளறவங்க தள்ளட்டும்."

கம்பெனிக்காரர் சாவிகளைப் பார்த்தார், ஆத்தாயியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

சின்னண்ணன் இரண்டு சாவிகளையும் தன் கயிற்றிலேயே கோத்துக்கொண்டு பாடையின் முன்கொம்புக்குத் தோள் கொடுத்தான். பெண்கள் சென்னியம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். ஒப்பாரியை அவள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். அவளுக்கு அடுத்த அடி வரவில்லை.

தப்பட்டைக்காரர்கள் வெகுமுன்னால் போய்விட்டார்கள். சந்து திரும்புகிற வரை, சின்னண்ணன் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சாவிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.