பெயரை மட்டும் மாற்றினார்கள்

முதல் வீட்டுப் படலையில் கேதீஸ்வரி ஓட்டோவை நிறுத்தியபோது பிள்ளை வெள்ளைச் சட்டையும் புத்தகப் பையுமாக நின்றது. "இண்டைக்கு அவளுக்குக் காய்ச்சல்" என்று தாய் அதன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இரண்டாம் வீட்டுப் பிள்ளையைத் தகப்பன் சைக்கிளில் கொண்டுபோயிருந்தான். மூன்றாம் வீட்டுக் கண்ணகைதான் உண்மையைச் சொன்னாள்.

"கோவிக்காத கா. உனக்குக் கசநோயாம். நேத்துச் சுகாதாரக் கூட்டத்தில தந்த புத்தகத்தில போட்டிருக்கு."

கேதீஸ்வரி அதை வாங்கிப் படித்தாள். 'மாலா (பெயர் மாற்றப்பட்டுள்ளது). கதிரவெளியில் ஓட்டோ ஓட்டும் விதவை. கசநோய்க்கு ஆறு மாதம் மருந்து எடுத்தவர்.'

சுகமாகி இரண்டு வருடமாகிறது. பெற்ற தாய்க்குக்கூட அவள் அதைச் சொன்னதில்லை. யாருக்கும் தெரியவராது என்று எழுதியிருந்த ஒப்புதல் படிவத்தை நம்பி, ஆய்வுக்கு வந்த விதுர்ஷாவிடம் மட்டும் வாய் திறந்திருந்தாள்.

அவள் அழவில்லை. ஓட்டோவை நேரே மட்டக்களப்பிலிருந்த ஆய்வு அலுவலகத்துக்கு விட்டாள்.

"பேர மாத்தித்தானே தங்கச்சி போட்டிருக்கம்" என்றார் ஆய்வை நடத்திய டொக்டர்.

"கதிரவெளியில ஓட்டோ ஓட்டுற பொம்பிள நான் ஒருத்திதான் சேர். பேர மாத்திப்போட்டு ஆள அப்பிடியே வெச்சிருக்கீங்க."

"சனத்துக்கு விளங்க வேணுமே. நல்ல விசயத்துக்குத்தான்..."

"நல்ல விசயத்துக்கெண்டு என்ட சோத்தில கை வைப்பீங்களா?"

மூலை மேசையிலிருந்து விதுர்ஷா எழுந்தாள். "சேர், அந்த விவரத்த எடுக்கச் சொல்லி அப்பவே சொன்னன். இப்ப நெறிமுறைக் குழுவுக்கு நானே எழுதப்போறன்."

"உமக்கு வேல வேணாமா?"

"வேணும். இவங்களுக்கும் வேல வேணும்தானே."

"எழுது புள்ள. நானும் கையெழுத்து வைக்கிறன்" என்றாள் கேதீஸ்வரி.

குழு விசாரித்தது. புத்தகங்கள் திரும்ப எடுக்கப்பட்டன. ஆனால் ஊரின் வாயைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஐந்து பிள்ளைகளில் இரண்டுபேர்தான் மறுபடி ஓட்டோவில் ஏறினார்கள்.

மன்னிப்புக் கடிதத்தைக் கொடுக்க டொக்டர் கேதீஸ்வரியைக் கூப்பிட்டிருந்தார். அவள் நின்றபடியே அதை வாங்கினாள்.

"என்ட நோயச் சொல்லுறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிறவள் நான். ஆய்வு தேவைதான், வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா சனம் நம்பிச் சொன்னதக் காப்பாத்தத் தெரியாட்டி, ஒரு வீட்டுப் படலையையும் தட்டாதீங்க சேர்."