அக்னி மூலையில் இன்வெர்ட்டர்

சாலைக் கடைத்தெருவில் அந்த இன்வெர்ட்டர் கடைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். கடைக்காரர் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒன்றில் மாமனார் கல்யாணராமன் உட்கார்ந்தார், இன்னொன்றில் என் கணவர் ஆனந்தகிருஷ்ணன். நான் பேட்டரி அடுக்கியிருந்த அலமாரியின் ஓரமாக நின்றேன். இன்வெர்ட்டர் வேண்டும் என்று ஆறு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான் என்பதை அந்த நாற்காலிகளைப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். எங்கேயோ அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் எவருக்கோ முழங்காலில் ஆபரேஷன் நடந்தால், அந்தக் குறிப்பை வரிவரியாகப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீடு, எந்தச் சிகிச்சைக்கு எது என்று பதிய வேண்டும். கம்பெனி அனுப்பிய கம்ப்யூட்டர் லாப்டாப் அல்ல. கரண்டு போனால் அந்த நொடியே செத்துப்போகும். ஜூன் மாதம் மழை தொடங்கியதிலிருந்து எட்டு தடவை அப்படி ஆயிற்று. எட்டாவது தடவை முடிந்ததும் என் மேலதிகாரி பிந்துவிடமிருந்து மெயில் வந்தது. இனி ஒரு முறை வேலை நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் காணாமல் போனால், வீட்டிலிருந்து பார்க்கும் வேலை ரத்து, கொச்சி ஆபீசில் வந்து உட்கார வேண்டும். கரமனையிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொச்சிக்குத் தினமும் போய்வருவது எப்படி? வேலை போயிற்று என்றுதான் அர்த்தம். மெயிலை இருவருக்கும் படித்துக் காட்டினேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ ஒண்ணு வாங்கிட வேண்டியதுதான்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பிரியமே வந்தது.

கடைக்காரர் கேட்டார். "எத்தனை ஃபேன் சார்? டிவி என்ன சைஸ்?" மாமனார் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கூடத்து ஃபேன், படுக்கையறை ஃபேன், டிவி. நான் "கம்ப்யூட்டர்" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்து, "மேடத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும்" என்று கடைசி வரியில் போட்டார். கொசுறு போட்ட மாதிரி இருந்தது.

பில் போடும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெபமலர் என்று இருந்தது. பேச்சில் நாகர்கோவில் வாடை. அவள்தான் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"எக்கா, கரண்டு போனா வீட்டுல எது நிக்கவே கூடாது?"

"நான் வேலை பாக்கற கம்ப்யூட்டர்."

"அப்போ அதைத்தான மொதல்ல எழுதணும்? மத்ததெல்லாம் அதுக்குப் பொறவு. மேசைக்கு அடியில வைக்கிற சின்ன யூபிஎஸ்ஸே போதும். பெருசு எடுக்கீங்கன்னா, பின்பக்கம் யூபிஎஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல போட்டுக்கிடுங்க. இல்லன்னா மாறுற நேரத்துல கம்ப்யூட்டர் அணைஞ்சிரும்."

ஆறு மாதத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி. கேட்டவள் முன்பின் தெரியாத பெண். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாமனார் கையை வீசினார். "சின்னதெல்லாம் வேண்டாம். வாங்கறதே வாங்கறோம், ஆம் முழுக்க ஆகறாப்பல பெரிசா வாங்கிடலாம்." வீடு முழுக்க என்றால் அதில் நானும் அடக்கம் என்று நம்பி, பேசாமல் ஆட்டோவில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கம் வந்தார். கடையிலிருந்து அனுப்பிய எலக்ட்ரீஷியன், தென்காசிப் பக்கத்து ஆள். பேட்டரியை இரண்டு பேராகத் தூக்கி வாசலில் இறக்கியதும், "எங்கே வைக்கணும் சார்?" என்றார். மாமனார் போனை எடுத்தார். யாரோ அனுப்பிய வாஸ்து படம் அதில் தயாராக இருந்தது. அக்னி சம்பந்தப்பட்ட எதுவும் தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. தெருவை ஒட்டித் தெற்கே இருக்கும் சின்ன அறைதான் தென்கிழக்கு. அந்த அறையில்தான் என் மேசை இருந்தது.

"பத்மஜா, ஒன் மேஜையைப் பின்கட்டுல கிணத்தடி அறைக்கு மாத்திடலாம், கேட்டியா? அங்கே சத்தமும் இல்லை. ஒனக்கும் சுகமாக்கும்."

கம்ப்யூட்டர் நிற்காமல் இருப்பதற்காக இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டரை நகர்த்துவது. இதை நான் வாய்விட்டே சொன்னேன். மாமனார் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். ஏதோ நல்ல ஹாஸ்யம் கேட்ட மாதிரி.

பிறகு லிங்கம் சாக்கட்டியோடு சுவிட்ச் போர்டு போர்டாக வந்தார், எதெதற்கு இன்வெர்ட்டர் லைன் என்று குறி போட. மாமனார் முன்னால் நடந்தார். கூடத்து ஃபேன், கூடத்து லைட், டிவி, இண்டர்நெட் மோடம், ஸ்வாமி அறையில் ராமர் படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் பல்பு, குளியலறை, வாசல் விளக்கு. காலிங் பெல்லுக்குக்கூட ஒரு குறி விழுந்தது. கரண்டு இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் கதவைத் தட்டினால் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. பின்கட்டுக்கு வரும்போது மாமனார் நின்றுவிட்டார். அங்கே லைன் போக வேண்டுமானால் ஸ்வாமி அறைச் சுவரில் ஓட்டை போட வேண்டும்.

"அரைமணி நேரச் சோலி சார். இப்பவே இழுத்திரலாம்" என்றார் லிங்கம்.

"ஸ்வாமி அறைச் சுவரைத் துளைக்கறதாவது! அதெல்லாம் நடக்காதாக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். இவருக்கு ஒரு முகம் உண்டு. அப்பாவுக்கும் எனக்கும் நடுவே நிற்க வேண்டி வந்தால் அது தானாக வந்து உட்காரும், தபால் ஆபீஸ் கவுண்டரில் "லஞ்ச்" போர்டு தொங்குகிற மாதிரி. "ஒரு மாசம் பாப்போம் பத்மா. அப்புறம் வேற வழியா ஒயர் இழுத்துட்டாப் போறது" என்றார். கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பதினாறு வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? லிங்கம் கைகழுவப் போன நேரத்தில் அக்னி மூலைக்குப் போய், இன்வெர்ட்டரின் பின்பக்கம் கைவிட்டுத் துழாவி, ஜெபமலர் சொன்ன சுவிட்சை மட்டும் யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன். என் கம்ப்யூட்டருக்கு அதனால் அப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தாலும் தள்ளினேன்.

பத்து நாள் மழை கருணை காட்டியது. பதினோராம் நாள், புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஓர் இடி. அதன் எதிரொலி அடங்குவதற்குள் என் திரை கறுத்தது. பின்கட்டு அறையில் ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றது. அந்த இருட்டில், கூடத்திலிருந்து டிவியில் ஜனங்கள் ஆரவாரம் செய்வது கேட்டது. கூடவே மாமனாரின் குரல், உற்சாகமாக:

"பத்மஜா! கரண்டு போயிடுத்து, பாத்தியோ? இங்கே ஒண்ணுமே தெரியலை! ஃபேன் ஒரு சுத்துகூடக் கொறையலை!"

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் என்னை எரித்தது. வேண்டுமென்று சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். இந்த வீட்டில் பின்கட்டு என்று ஒன்று இருப்பதும், அங்கே ஒருத்தி உட்கார்ந்து சம்பாதிப்பதும் அந்த நிமிஷத்தில் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

போன் அடித்தது. பிந்து. "பத்மஜே, எவிடெயா? ஸ்க்ரீன் ஆஃப் ஆயல்லோ."

"கரண்டு போயி. இப்ப வராம்."

"இனி ஏழு மினிட்டே உள்ளூ, கேட்டோ. எனிக்கு இதில் ஒண்ணும் செய்யான் பற்றில்ல."

ஏழே நிமிஷம்; அதற்கு மேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒயர்களைப் பிடுங்கினேன். மானிட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்வாமி அறையைத் தாண்டினேன். ராமரைச் சுற்றி சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரைக் கூடத்து டீப்பாயில் வைத்துவிட்டு, திரும்ப ஓடி சிபியூவை இடுப்பில் தூக்கி வந்தேன். மூன்றாவது நடையில் கீபோர்டு, மௌஸ், எக்ஸ்டென்ஷன் போர்டு. டிவியின் பிளக் வாசல்கதவுக்குப் பக்கத்தில். பிடுங்கினேன். ஆரவாரம் பாதியில் நின்றது.

"என்ன பண்றே நீ? கடைசி ஓவராக்கும்!"

அது பல வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்த மேட்ச். மறு ஒளிபரப்பு.

"யார் ஜெயிச்சான்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்றேன். "நான் என்ன ஆவேன்னுதான் எனக்குத் தெரியலை."

கம்ப்யூட்டர் எழும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை என்னைப் போல் அறிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டை ஒரு முறை தப்பாக அடித்தேன். பயத்தினால் என்று சொன்னால் பொய். உள்ளே நுழைந்தபோது ஒன்பதாவது நிமிஷம். பிந்து ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். நான் தரையில் சம்மணமிட்டு, ஒரு கிழவரின் இடுப்பு எலும்பு முறிவுக் குறிப்பை எங்கே விட்டேனோ அங்கிருந்து தொடர்ந்தேன்.

நாலரை மணிக்குக் கரண்டு வந்தது. பின்கட்டு விளக்கு எரிந்தது. இன்வெர்ட்டர் உள்ளே "டக்" என்றது. ஜெபமலர் சொன்ன சுவிட்சை நினைத்துக்கொண்டேன். திரை சிமிட்டக்கூட இல்லை. மாமனார் அதுவரை ரிமோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"கரண்டு வந்துடுத்தே. இனி அங்கே கொண்டு போகலாமோல்லியோ?"

"இங்கேயே நன்னாத்தான் இருக்கு."

"தெருவுல போறவா எல்லாம் பாக்கறா பத்மஜா."

"பாக்கட்டும்பா."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஸ்வாமி அறைப் பக்கம் போனார். மகனிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. என்ன பேசினார் என்று நான் காது கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் பதினோரு குறிப்புகள் பாக்கி இருந்தன.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். காலிங் பெல்லை அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை, மாமனார்தான் திறந்தார். தொப்பலாக நனைந்து, மடக்கின குடையோடு நிலைப்படியில் நின்ற இவர், கூடம் முழுவதையும் பார்த்தார். செத்துக் கிடந்த டிவி, டீப்பாயில் மானிட்டர், தரையில் நான். "என்ன பத்மா இது?" என்று ஒரு காலை உள்ளே எடுத்து வைக்கப் போனார்.

"ஒயர்" என்றேன், திரும்பாமல். "பாத்து வாங்கோ. தட்டினா எல்லாம் அணைஞ்சுடும்."

தூக்கின கால் தூக்கினபடியே நின்றது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை அவசரமாக வாசல் பக்கம் நீட்டிக்கொண்டார். பிறகு கண்ணால் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு போனார், கதவோரத்துப் பிளக்கிலிருந்து தரை வழியாக, எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாக, டீப்பாய்க்கு அடியில், என் மடிவரைக்கும். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.