பதினேழு வரிசைக் குழாய்

அண்ணன் பதினொரு வருடம் மாங்கு மாங்கென்று உழைத்து அந்தச் சதுப்பைக் காயவைத்தவர். மண்ணுக்கடியில் பதினேழு வரிசை வடிகுழாய். ஒவ்வொன்றும் அவர் கையால் பதித்தது. வரைபடம் எல்லாம் கிடையாது. வாசல் கதவிலிருந்து காலடிக் கணக்கு, அதுவும் அவர் மண்டைக்குள்.

காயக்காயச் சதுப்பு மண் சுருங்கி, நிலம் வருடாவருடம் கீழே இறங்கியது. விதைத்ததில் பாதிகூடத் தேறவில்லை. அப்பா என் பெயரில் எழுதிவைத்த நிலம். மறுபடி சதுப்பாகவே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் குழாய்களை உடைக்க வேண்டும். பக்கவாதத்தில் நடக்க முடியாமல் போன மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வது? பொய் சொன்னேன்.

"அண்ணா, குழாய்ல அடைப்பு எடுக்கணும். எங்கெங்க இருக்குன்னு காட்டுறீங்களா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகம் மலர்ந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னை விரட்டு விரட்டென்று விரட்டினார்.

"நாப்பது காலடி நட. உன்னோடது கோழி நடை, இன்னும் அஞ்சு சேத்துக்கோ. ம், அங்கதான். குச்சி நடு."

பதினேழு குச்சி நட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மறுநாள் அவரை ஒரு வாரச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, திருட்டுத்தனமாகப் பொக்லைனை இறக்கினேன்.

"யாருங்க பதிச்சது? லேசுல உடைய மாட்டேங்குதே," என்றார் பொக்லைன்காரர். நான் அடுத்த குச்சியைக் காட்டினேன்.

மழை வந்தது. அண்ணனின் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தேங்கி நின்றது. கொக்குகள்கூட வந்துவிட்டன. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது, ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அடைப்பு எடுத்தப்புறமும் தண்ணி நிக்குது. நான்தான் சரிவு தப்பா வச்சிருக்கேன். பதினொரு வருஷம் வெட்டி வேல பாத்துருக்கேன். உன் நிலத்தையும் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

என்னை எத்தனை திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் மன்னிப்புக் கேட்டதைத் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"அப்ப குழாய் நல்லாத்தான் இருந்துச்சா?"

"துளி அடைப்புகூட இல்லண்ணா. உடைக்கவே நாலு நாளாச்சு."

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.