பனிக்கட்டி நிரப்பிய படகு

ஜெர்மனியின் ஹாலே நகரத்து மொழிபெயர்ப்பாளர்களில் தனக்கு நிகர் யாருமில்லை என்பது ரோஸ்வித்தாவின் எண்ணம். ஜெர்மனில் பென்சோல் என்றிருந்தால் ஆங்கிலத்தில் பென்சீன். பென்சின் என்றிருந்தால் அது பெட்ரோல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட சக மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒரு வருஷம் விடாமல் கிண்டல் செய்தவள் அவள்.

அவளிடம் டாக்டர் கீஸ்லிங்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து நாற்பது பக்க அறிக்கை ஒன்று வந்தது. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் மூலக்கூறுகளைப் பற்றியது. அந்த வளையம் சில சமயம் நாற்காலிபோல் மடங்குமாம், சில சமயம் தொட்டிபோல். ரோஸ்வித்தா ஆங்கிலத்திலும் 'தொட்டி' என்றே எழுதினாள். போதாக்குறைக்கு, "ஆசிரியரின் வீட்டு உவமைகள் அப்படியே காக்கப்பட்டுள்ளன" என்று ஒரு அடிக்குறிப்பு வேறு.

மறுநாள் காலை கீஸ்லிங் போனில் வந்தார்.

"மேடம், அது என் உவமை இல்ல. இந்தத் துறையில எல்லாரும் சொல்றதுதான். நாம தொட்டின்னு சொல்றத இங்கிலீஷ்காரன் படகும்பான்."

"படகா? எதுக்கு?"

"தீவுல இருக்கான், வேற என்ன தோணும் அவனுக்கு? மதியத்துக்குள்ள மாத்தி அனுப்புங்க. லண்டன்ல காத்திருக்காங்க."

காது மடல் சிவக்க, முதலில் அந்த அடிக்குறிப்பை அழித்தாள். பிறகு தொட்டி வருகிற இடமெல்லாம் படகு என்று போடும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டாள். ஒரு நொடியில் முப்பத்தோரு படகுகள். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. அதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன்.

"மேடம், பதினேழாம் பக்கத்தைக் கொஞ்சம் படிங்களேன்."

படித்தாள். "குடுவையைப் பனிக்கட்டி நிரப்பிய படகில் இரண்டு மணி நேரம் வைத்தோம்."

அது நிஜத் தொட்டி. ஆய்வுக்கூடத்து மூலையில் கிடக்கிற பிளாஸ்டிக் தொட்டி.

"எந்த ஆத்துலன்னு லண்டன்காரங்க கேக்குறாங்க."

கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட வாய் திறந்தாள். வந்தது வேறு. "நான்தான் டாக்டர். படிக்காமலே அனுப்பிட்டேன். பெரிய மேதைன்னு நெனப்பு."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அடுத்த அறிக்கைய இங்கயே உக்காந்து செய்யுங்க. தெரியலேன்னா கூச்சப்படாம கேளுங்க."

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கோட்டுப் பெண்கள் இருவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

"கேப்டன் வந்தாச்சு!"

ரோஸ்வித்தா மழைக்கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"சரி சரி, உக்காருங்கடி. இன்னிக்கு எந்த வார்த்தைய மூழ்கடிக்கணும்?"