இரண்டு கை மெஷின்

பெரியவனுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. போன மழைக்காலத்தில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனியில், சூப்பர்வைசர் அவன் தம்பியைப் பார்த்து "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். பெரியவன் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. விட்டான் ஒரே அறை! இரும்புத் தகடு அடுக்கின்மேல் போய் விழுந்த மனிதர் எழுந்து நிற்பதற்குள் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வேலை போயிருந்தது.

சரி, போனால் போகட்டும் என்று வீட்டு கார் ஷெட்டையே பட்டறை ஆக்கினார்கள். கார் இருந்த இடத்தில் கனமான மேஜை வந்தது, மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் வந்தது, சுவரில் சுத்தியல்களும் ரம்பங்களும் வரிசையாக ஏறின. வாசலில் போர்டு மாட்ட ஆணிகூட அடித்தாயிற்று. வெல்டிங் மெஷின்தான் பாக்கி. வீட்டுக் கரண்டு ஒரு மெஷினைத்தான் தாங்கும், அவர்கள் பையும் ஒன்றைத்தான் தாங்கும். எந்த மெஷின் என்பதில்தான் வந்தது வினை.

பெரியவனுக்கு ராடு மெஷின் வேண்டும். கேட், கிராதி, டிரெய்லர் என்று தடி இரும்பு எதையும் ஒட்டும். உருகி ஒட்டும் ராடை மாட்டி வலது கையில் பிடித்து இழுத்தால் முடிந்தது வேலை. இடது கை சும்மாதான் இருக்கும், அதை வைத்து ஈ ஓட்டலாம். சின்னவனுக்கு ஆர்கான் மெஷின் வேண்டும். அது வேறு ஜாதி. வலது கையில் டார்ச், அதன் முனையில் பென்சில் சீவியது மாதிரி ஓர் ஊசி. அந்த ஊசியிலிருந்துதான் நெருப்பு வரும். இடது கையில் மெல்லிய கம்பி. உருகி நிற்கும் உலோகப் பொட்டில் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கிக் கம்பி ஊசியில் பட்டால் ஊசி கெட்டது. மறுபடி கிரைண்டரில் சீவி எடுத்து வர வேண்டும். இரண்டு கையும் ஒன்றாக ஓடினால்தான் உண்டு.

சின்னவனின் இடது கை இருக்கிறதே, அதைப் பார்க்கவே கம்பெனியில் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கம்பி தானாக நகர்ந்து வரும். கை அசைவதே தெரியாது.

மெஷின் கடைக்காரர் நல்ல மனுஷர். "ரெண்டையும் கொண்டு போய் ஓட்டிப் பாருங்க. வேணாங்கறதைத் திருப்பிக் குடுங்க. ஒரு கீறல் விழக் கூடாது, சொல்லிட்டேன்" என்று ஏற்றி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவன் இரண்டு தடித்த இரும்புப் பட்டைகளை ஒட்டினான். சின்னவன் மாடிப்படிக் கைப்பிடிக்கான இரண்டு ஸ்டீல் குழாய்களை ஒட்டினான். டீ கொண்டுவந்த பெரியவனின் மனைவி, தையல் கடையில் வேலை பார்ப்பவள், கொழுந்தன் போட்ட ஜாயின்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அட, எங்க கடை மிஷின்ல தெச்ச மாதிரி இருக்கே!"

புருஷன் போட்டதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அடுப்பில் பால் வைத்திருந்தாள், ஓடிவிட்டாள். பெரியவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

சின்னவனுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சமா நஞ்சமா? "உன்னோடது கோழி கெளறின குப்பை மாதிரி இருக்குண்ணா" என்று சிரித்தான்.

"லாரி ஏறினாலும் ஒடையாதுடா அது."

"மாடிப்படி கைப்பிடி மேல எவண்ணா லாரி ஏத்துவான்?"

"ராடு மெஷின்தான். பேச்சே கிடையாது. பெரியவன் நான் சொல்றேன்."

சின்னவன் தலையிலிருந்த வெல்டிங் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். உன் கைக்கு அடிக்க மட்டுந்தான் தெரியும். அன்னிக்கு அந்தாளு ஒரு வார்த்தை சொன்னான், நான் காதுலயே போட்டுக்கல. நீ அடிச்சதுலதான் என் சோறு போச்சு."

தம்பிக்காக அடித்த அடி அது. அதை இத்தனை நாளும் ஒரு மெடல் மாதிரி நெஞ்சுக்குள் குத்தி வைத்திருந்தான் பெரியவன். அதைப் பிடுங்கி முகத்தில் எறிந்தால்?

அறை காதோடு சேர்ந்து விழுந்தது. சின்னவன் மேஜைக் காலில் மோதி விழுந்து, எழும்போது குழாயோடு எழுந்தான். அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே! குழாய் பெரியவனின் நெற்றியைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. பெரியவன் குருடன் மாதிரி பாய்ந்து தம்பியின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். ஆணி டப்பா கொட்டி, முதுகிலெல்லாம் ஆணி குத்தியது. சின்னவன் அண்ணனின் தோளைக் கடித்தான். சட்டையோடு சதையும் பல்லில் வந்தது. பெரியவன் அவன் தலையைத் தூக்கி வைஸில் மோதினான். ஒரு தடவை மோதியது போதாதென்று மறுபடியும் மோதினான். "டேய், செத்துப் போவேன்டா!" என்று தம்பி கத்தியபோதுதான் விட்டான்.

அதோடு நிறுத்தித் தொலைந்திருக்கலாம். நிறுத்தினானா? சுவரிலிருந்து பெரிய சுத்தியலை உருவினான்.

"இந்த மெஷினு இருந்தாத்தானே நீ ஆடுவ? இருக்காதுடா இது!"

ஆர்கான் மெஷினை நோக்கிச் சுத்தியலை ஓங்கினான். சின்னவன் தவழ்ந்து போய், மெஷின் மேல் இடது கையை விரித்து வைத்தான். தடுக்கத்தான் வைத்தான். கை வைத்தால் அண்ணன் நிறுத்திவிடுவான் என்று நம்பி வைத்தான்.

பெரியவன் அந்தக் கையைப் பார்த்தான். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணில் ரத்தம் இருந்தது, சுத்தியல் இறங்க ஆரம்பித்திருந்தது, எல்லாம் உண்மை. ஆனாலும் பார்த்தான். ஒரு பக்கமாகத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மெஷினில் ஒரு கீறல் இல்லை. சின்னவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரல் இருந்த இடத்தில் விரல் மாதிரி எதுவும் இல்லை. பிறகுதான் அலறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எப்படி ஆச்சு?"

"ஜாக் சரிஞ்சு வண்டி கை மேல எறங்கிடுச்சு" என்றான் சின்னவன்.

டாக்டர் பெரியவனின் பிளந்த நெற்றியைப் பார்த்தார். "இவர் மேல?"

"அவர் மேல வேற ஜாக்."

அந்த நேரத்திலும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அண்ணன் பக்கம் திரும்பவும் இல்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். மற்றது பிழைக்கும், ஆனால் பழையபடி மடங்காது என்றார். பெரியவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்தவன் நேராகப் பட்டறைக்குள் போய், தன் இடது கையை வைஸில் கொடுத்து, வலது கையால் பிடியைத் திருக ஆரம்பித்தான்.

எலும்பு நெரிகிற நேரத்தில் முதுகில் விழுந்தது அடி. மனைவிதான். ராடு பாக்கெட் ஒன்றைத் தூக்கி மொத்து மொத்தென்று மொத்தினாள். பாக்கெட் கிழிந்து ராடெல்லாம் சிதறியது. அவள் ஒரு நாளும் அவனை 'நீ' என்று கூப்பிட்டவள் இல்லை.

"திருகுவியா? திருகு பாப்போம்! ஒரு வீட்ல ரெண்டு மொண்டிக்கு நான் ஊட்டணுமா? அவன் விரல் மொளைச்சிடுமா இதுல? உன் கோவத்துக்கு இன்னும் ஒரு கை வேணுமா?"

வைஸை அவளே தளர்த்திவிட்டாள். பெரியவன் தரையில் உட்கார்ந்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அவள் தடுக்கவில்லை, அந்த அடி அவனுக்கு வேண்டியதுதான் என்று போய்விட்டாள்.

சின்னவன் மாடி அறையை விட்டு இறங்கவே இல்லை. அண்ணி தட்டு கொண்டு போனால் வாங்கிக்கொள்வான். அண்ணன் காலடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். இதற்குள் கடைக்காரர் போன் மேல் போன் போட்டார். எதை வைத்துக்கொள்கிறீர்கள், எதைத் திருப்புகிறீர்கள்? பெரியவன் ராத்திரியெல்லாம் யோசித்தான். தம்பி ஆசைப்பட்டது ஆர்கான். இனி தான் ஆசைப்பட்டதை வைத்துக்கொண்டால் அது மெஷின் இல்லை, பிணம். ராடு மெஷினை வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ஏதோ பாவத்தில் ஒரு பங்கைக் கழித்த மாதிரி நெஞ்சு லேசானது. முட்டாள்!

கட்டுப் பிரித்த மறுநாள் சின்னவன் தானாகவே பட்டறைக்கு இறங்கி வந்தான். வலது கையில் மட்டும் கையுறை. நாலா பக்கமும் பார்த்தான்.

"ராடு மெஷின் எங்க?"

"குடுத்துட்டேன். உனக்குப் புடிச்சது இதுதானே" என்றான் பெரியவன்.

சின்னவன் ஸ்டூலை எட்டி உதைத்தான்; அது ஷட்டரில் போய் இடித்தது.

"மாடியில படுத்துக்கிட்டு தெனமும் அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ராடு மெஷினுக்கு ஒத்தக் கை போதும், பொழைச்சுக்கலாம்னு. அதைக் கொண்டு போய்க் குடுத்துட்டு, ரெண்டு கை வேணுங்கற மெஷின எனக்கு வெச்சிருக்கியா? யாரைக் கேலி பண்ற? கைய எடுத்த, இப்ப பொழப்பையும் எடுத்துட்டியா?"

பெரியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் தம்பியின் வலது முஷ்டி வாயிலேயே விழுந்தது. பெரியவன் கையைத் தூக்கவில்லை. அடுத்தது மூக்கில், அடுத்தது பழைய நெற்றிக் காயத்தில். அது மறுபடி பிளந்து ரத்தம் கொட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவியை, "நீ உள்ள போ" என்று தடுத்தான். மூச்சு வாங்கும்வரை அடித்தான் சின்னவன். பிறகு மேஜையில் சாய்ந்தான்.

"எடது கைக்கு நான் இருக்கேன்டா" என்றான் பெரியவன், உதட்டு ரத்தத்தைத் துடைக்காமல். "நீ டார்ச்சைப் புடி. கம்பிய நான் குடுக்கறேன்."

சின்னவன் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நீயா? கம்பியா? சரி, உக்காரு பாக்கலாம்."

இரண்டு குழாய்களை வைஸில் கட்டினான். இரண்டு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்து ஹெல்மெட்டை இறக்கினார்கள். டார்ச் பற்றியது. பெரியவன் தடித்த கையுறையோடு கம்பியை நீட்டினான். நேராகப் போய் ஊசியில் முட்டியது. நெருப்பு படபடத்து அணைந்தது.

சின்னவன் ஹெல்மெட்டைத் தூக்கி, அண்ணனுடையதையும் தூக்கி, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். பிறந்ததிலிருந்து வாங்கிய அறைகளுக்கெல்லாம் சேர்த்த மாதிரி இருந்தது.

"சீவிக் கொண்டா."

பெரியவன் எழுந்து போய் ஊசியைச் சீவிக் கொண்டுவந்தான். மறுபடி முட்டியது. மறுபடி அறை. மறுபடி சீவினான். கன்னம் வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது. கையுறைக்குள் கம்பி இருப்பதே தெரியவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. ராடு பிடிக்கிற கையுறை அது, மாட்டுத்தோல். கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலால் கம்பியைப் பிடித்தான்.

டார்ச் பற்றியது. கருப்புக் கண்ணாடி வழியே உலகத்தில் வேறெதுவும் இல்லை: உருகி நிற்கும் ஒரு பொட்டு, கம்பி முனை, அவனுடைய வெறும் விரல்கள். இந்த முறை முட்டவில்லை. தொட்டான், எடுத்தான். பதற்றத்தில் கை நெருப்புக்குக் கிட்டே போய்விட்டது. தோல் காந்தியது.

டார்ச் நின்றது. நகரவில்லை. வெளிச்சம் மெல்ல அவன் விரல்கள் பக்கம் சாய்ந்தது.

தம்பி கையைப் பார்க்கிறான் என்று பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. டார்ச்சைத் தம்பி இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் போதும், விரல் வெந்துவிடும். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள், ஜாக் சரிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பெரியவனுக்குப் பயம்தான். ஆனாலும் கையை இழுக்கவில்லை. விரல் மயிர் பொசுங்கும் வாடை வந்தது.

எதிர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கையத் தள்ளி வெச்சுக்கண்ணா. சுடும்."

டார்ச் திரும்பி, குழாய்க்குப் போய், நகர ஆரம்பித்தது. பெரியவன் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கம்பியைக் கொடுத்தான். ஹெல்மெட்டுக்குள் குமுறிக் குமுறி அழுதான். கம்பியை மட்டும் ஆடவிடவில்லை.